ஐந்து ஏக்கர் மணலும் ஒரு தொட்டித் தண்ணீரும்

புதன் இரவு, ட்வென்டிநைன் பாம்ஸ்

மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் எட்டாத நிலத்தில் ஒரு சிறு வீடு. நானும் கணவரும் ஆண்டுக்கணக்கில் பேசிவருவது இது. இனி நிலத்தைக் காலால் மிதித்துப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று முடிவெடுத்து, தெற்குக் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு வந்திருக்கிறேன். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. துணைக்கு மாமா வந்திருக்கிறார், அம்மாவின் தம்பி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்திருந்தவரிடம் "பாலைவனத்தில் நிலம் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா மாமா?" என்று கேட்டதும், அளவு நாடாவையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

வழியில் என் திட்டத்தை விவரித்தேன். எத்தனை சோலார் பேனல், எந்த வகை பேட்டரி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணீர் எங்கிருந்து வருகிறது அம்மா?" என்றார். லாரியில் வரவழைத்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம் என்றேன். "சரி. லாரி வராத வாரம்? மழை வந்தால் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" இந்தக் கேள்விகளோடுதான் ஊருக்குள் நுழைந்தோம்.

இருட்டுவதற்குள் மாரா சோலையைப் பார்த்துவிட்டோம். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் வடக்கு ஓரத்தில், ஊரை ஒட்டியே இருக்கிறது. காய்ந்த ஓலைகளை உதிர்க்காமல் பாவாடையாக அடிமரம் வரை தொங்கவிட்டிருக்கும் விசிறிப் பனைகள். செர்ரானோ பழங்குடியினர் இங்கே குடியேறியபோது, பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் ஒரு பனை நட்டார்கள் என்றும், முதல் ஆண்டிலேயே 29 மரங்கள் ஆகிவிட்டன என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஊரின் பெயரே அதுதான். பனைகளுக்கு இடையே மெஸ்கீட் மரங்கள். நம் ஊரில் வேரோடு பிடுங்கப் பாடுபடும் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. இங்கே அது மண்ணின் மரம். அதன் நெற்றை இடித்து மாவாக்கித்தான் இம்மக்கள் பசியாறினார்கள்.

சுற்றிலும் பொட்டல்வெளி, இந்த ஒரு கீற்றில் மட்டும் பச்சை. காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. பின்டோ மலைப் பிளவு இந்த வழியாகப் போகிறது. பிளவில் அரைபட்ட பாறை மாவு நிலத்தடி நீரை அணையாகத் தடுத்து மேலே தள்ளுகிறது. நிலநடுக்கம் எந்தக் கோட்டில் வருமோ, அதே கோட்டில்தான் ஊற்றும். மாமா இதை அங்கிருந்த விளக்கப் பலகையில் படித்ததும் அதன் முன்னாலேயே சிறிது நேரம் நின்றுவிட்டார். இந்தப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசி மாதத்தில் ஒரே நாளில் அதைவிட அதிகம் கொட்டியிருக்கிறது.

விடுதிக்கு வந்ததும் மாமா போட்ட முதல் கணக்கு: ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதையே எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு 110 லிட்டர். இங்கே எல்லோரும் வைத்திருக்கும் 2,500 கேலன் தொட்டியில் ஏறக்குறைய 9,500 லிட்டர் பிடிக்கும். சிக்கனமாக இருந்தால் 86 நாள். வீட்டுத் திட்டத்தின் முதல் வரி இதுதான் என்று தாளின் தலைப்பில் எழுதி அடிக்கோடிட்டார்.

வியாழன் இரவு

காலையில் ஜோஷுவா ட்ரீ ஊரிலுள்ள சான் பெர்னார்டினோ கவுண்டி அலுவலகம். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. நிலம் பார்க்கும் முன் இங்கே போனது நல்லதாயிற்று. பாலைவன நிலம் வாங்க நினைக்கும் எவரும் விற்பவரின் விளம்பரத்துக்கு முன்பு கவுண்டியின் வாயிலைத்தான் மிதிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். கலிஃபோர்னியாவில் 2017 ஜனவரி முதல், லாரியில் வரும் தண்ணீரையோ புட்டித் தண்ணீரையோ நீராதாரமாகக் காட்டிப் புதிய குடியிருப்புக்குக் கட்டட அனுமதி பெற முடியாது. 2016இல் நிறைவேறிய சட்டம். அதாவது வெற்று நிலம் வாங்கி, தொட்டி வைத்து, லாரித் தண்ணீரில் வாழ்வது என்ற என் திட்டம் அனுமதிச் சீட்டு என்ற இடத்திலேயே நின்றுவிடும். ஒன்று, கிணறு தோண்ட வேண்டும். இல்லையென்றால், முன்பே வீடு என்று பதிவான பழைய கட்டடம் உள்ள நிலமாகப் பார்க்க வேண்டும்.

120 சதுர அடிக்கு உட்பட்ட கொட்டகைக்கு அனுமதி வேண்டாம் என்று இணையக் காணொளிகளில் பலர் அடித்துச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது சாமான் போட்டு வைக்கும் கொட்டகைக்கு. அதில் கட்டில் போட்டுக் குடியிருந்தால் அது வீடாகிவிடும், வீட்டுக்கான விதிகள் அத்தனையும் வந்து சேரும். அந்தக் காணொளிகளை நம்பிச் சேமிப்பைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பாலைவனத்துக்கு வருகிறவர்களில் பலர் நகரத்தில் வீடு வாங்க வசதியில்லாதவர்கள்.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரி நின்றுபோனால் குடும்பம் தாகத்தில் நிற்கும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. மாமாவுக்கோ மகிழ்ச்சியே. "நேற்று நான் கேட்ட கேள்வியைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்களே!" என்றார்.

பிற்பகல், விளம்பரத்தில் பார்த்து வைத்திருந்த மேட்டுநிலம் ஒன்றைப் பார்த்தோம். கண்ணுக்கு அழகான இடம். ஆளுயரத்துக்கு மேல் கைகளை முறுக்கி நிற்கும் ஜோஷுவா மரங்கள் நிலம் முழுவதும் இருந்தன. 2023ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டப்படி மேற்கத்திய ஜோஷுவா மரத்தை வெட்டவோ பெயர்த்து நடவோ அனுமதியும் கட்டணமும் வேண்டும். வெட்டித்தான் வழி விட முடியும் என்ற அளவுக்கு அடர்த்தியாக இருந்ததால், அந்த நிலத்தை அப்படியே விட்டுவிட மனம் சொன்னது. 2020இல் மொஹாவி தேசியக் காப்பகத்தில் மூண்ட டோம் தீயில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோஷுவா மரங்கள் கருகின. மிச்சம் இருப்பதில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை.

வெள்ளி இரவு

ஊருக்குக் கிழக்கே ஆம்பாய் சாலையில் போனால் வொண்டர் வேலி என்ற பள்ளத்தாக்குப் பகுதி. உயரம் குறையக் குறைய ஜோஷுவா மரங்கள் நின்றுபோய், கிரியோசோட் புதர்கள் மட்டும் தொடர்கின்றன. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, யாரோ அளந்து நட்டது போன்ற ஒழுங்கு. இந்தப் புதர் நடுவில் பட்டுப்போய் வெளிவட்டமாகப் படர்ந்துகொண்டே போகும். லூசர்ன் வேலி அருகே உள்ள ஒரு வட்டத்துக்கு 11,700 ஆண்டு வயது இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வேலிக்காகவும் வழிக்காகவும் நாம் புல்டோசர் விட்டுத் தள்ளும் புதரின் வயது நமக்குத் தெரியாது. மாமாவிடம் சொன்னேன், எந்த நிலமானாலும் வீட்டின் அடித்தளம் அளவுக்கு மேல் ஒரு புதரைக்கூடத் தொடக் கூடாது என்று. தலையசைத்தார்.

இன்று பார்த்தது 5 ஏக்கர் வெற்று நிலம், அகலம் 330 அடி, நீளம் 660 அடி. கிணறு தோண்ட முடியுமென்றால் வாங்கலாமா என்று பார்ப்பதற்காகவே போனோம். கடைசி ஒரு மைல் பொடிமணல். டயரில் காற்றை 20 பவுண்டுக்கு இறக்கிக்கொண்டு போனோம். அப்போதே ஒன்று உறைத்தது: 9 டன் தண்ணீர் சுமந்து வரும் லாரி இந்த மணலில் எப்படி வரும்? வழி இருக்கிறது என்பதற்கும், சட்டப்படி நமக்கு வழி உரிமை இருக்கிறது என்பதற்கும், பாரவண்டி வரத் தாங்கும் வழி என்பதற்கும் தூரம் அதிகம். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியின் பழைய அரசுப் பட்டாக்களில் பெரும்பாலும் எல்லையோரம் 33 அடியைப் பொதுவழிக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். தாளில் வழி இருக்கும். தரையில் புதர் இருக்கும்.

நிலம் கண்ணுக்குச் சமதளம். மாமா நின்று பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என்னையும் உட்காரச் சொன்னார். தரையோடு தரையாகக் கண்ணை வைத்ததும் நிலத்தின் முகமே மாறிவிட்டது. வடமேற்கு மூலையிலிருந்து குறுக்கே ஒரு பள்ளம், ஒரு முழ ஆழம்கூட இல்லை. ஆனால் அதன் மணல் சலித்ததாக ஒரே அளவில் இருந்தது. புதர்களின் வேரடியில் மேற்குப் பக்கம் மட்டும் சருகும் குச்சியும் அடைத்து நின்றன. ஒரு குச்சிக் கத்தை என் முழங்கால் உயரத்தில் சிக்கியிருந்தது. "தண்ணீர் இந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. நீ படுக்கையறை போட நினைக்கும் இடம் இதுதானே?" என்றார். அதேதான்.

பாலைவனத்தில் மழை அரிது. பெய்தால் மண் குடிக்காது. அரை அடி தோண்டியதும் வெள்ளையாக ஓர் அடுக்கு, கடப்பாரை பட்டால் நெருப்புப் பறக்கும் கடினம். இங்கே கலீச்சி என்கிறார்கள். மாமா பார்த்ததும் "சுக்கான் பாறை" என்றுவிட்டார். மலையில் விழும் மழை இதன்மேல் வழிந்து, பல மைல் தள்ளி வானம் வெளுத்திருக்கும் இடத்திலும் வெள்ளமாக வந்து இறங்கும். 2023 ஆகஸ்ட்டில் ஹிலரி புயல் வந்தபோது மரணப் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் பெய்தது. அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை அது. கழிவுநீருக்கும் இதே சுக்கான் பாறைதான் தடை. செப்டிக் தொட்டியின் கழிவை மண் உறிஞ்ச வேண்டும். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து காட்டினால்தான் அனுமதி.

கிணறு? ட்வென்டிநைன் பாம்ஸ் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு அதிகம். அதை நீக்க ஊரில் தனி ஆலையே நடத்துகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடால்தான். மாமா பணிக்காலத்தில் அந்த ஊர்களில் கறை படிந்த பற்களோடு, கால் வளைந்து நின்ற குழந்தைகளைப் பார்த்தவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. கிணறு தோண்டினால் குடிப்பதற்கு மட்டுமாவது எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.) வடிப்பான் வேண்டும். அது பாதித் தண்ணீரையாவது கழிவாகத் தள்ளும். அதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

திரும்பும்போது ஒரு புதரின் அடியில் ஒரு வளை. அடிப்பக்கம் தட்டை, மேலே அரைவட்ட வளைவு. உள்ளே இருப்பது யார் என்று அந்த வடிவமே சொல்லிவிடும்: பாலைவன ஆமை. தன் ஓட்டின் அளவுக்கு வாசல் வெட்டிக்கொண்டிருக்கிறது. நவம்பரில் உள்ளே உறங்கத் தொடங்கியிருக்கும். வாசலில் சிலந்தி நூல் ஒன்று அறுபடாமல் இருந்தது. 1990 முதல் கூட்டாட்சிச் சட்டம் இதைக் காக்கிறது. இந்த ஆமை தன் சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் பிழைக்கும். நாம் ஆசையாகத் தூக்கினால், மிரண்டு அத்தனை தண்ணீரையும் வெளியேற்றிவிடும். அடுத்த மழை வரை தாங்காமல் செத்தும் போகும். நாங்கள் பத்தடி தள்ளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். இந்த நிலம் வேண்டாம் என்று ஓடையைப் பார்த்தபோதே தீர்மானித்துவிட்டேன். ஆமைக்கு அது நல்ல செய்தி.

சனி இரவு

இன்றைய நாள் முழுவதும் ஒரே வீட்டில். வொண்டர் வேலியில் பல ஆண்டுகளாகத் தனியாக வாழும் ஓர் அம்மையாரை நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்தி வைத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். நேற்று வரை நான் படித்த எல்லாவற்றையும்விட இந்த ஒரு நாளில் கற்றது அதிகம்.

முதலில் தண்ணீர். அவருடைய கரும்பச்சைத் தொட்டி வீட்டின் கிழக்குப் பக்கம், சற்று மேட்டில். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால் அந்த நிறம். அதன்மேல் தனியாக ஒரு பந்தல், தண்ணீர் கொதிக்காமல் இருக்க. தொட்டியின் பக்கவாட்டில் இரண்டு குழாய். ஒன்று ஓரடி உயரத்தில், வீட்டுக்கு. மற்றொன்று அடிமட்டத்தில், தடித்த வாயோடு, தீயணைப்பு வண்டிக்கு. வீடு எவ்வளவு செலவழித்தாலும் அடியில் ஓரடித் தண்ணீர் எப்போதும் தீக்கென்று இருக்கும். யாரும் மறக்க முடியாத ஏற்பாடு. மாமா அந்த இரண்டு குழாய்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார். எங்கள் தொட்டிக்கும் இதே அமைப்புதான்.

சொந்தமாகப் பிக்கப் வண்டியில் நீர் கொண்டுவரலாம் என்று நினைத்திருந்தேன். கம்பிக்கூடுக்குள் இருக்கும் 275 கேலன் சதுரத் தொட்டி நிரம்பினால் ஒரு டன்னைத் தாண்டும். வழக்கமான பிக்கப் தாங்குவது 700, 800 கிலோ. ஆக ஒரு நடைக்கு 600 லிட்டர், ஐந்து நாளைக்குக் காணும். அவசரத்துக்கு உதவும், வாழ்க்கைக்கு ஆகாது. அம்மையாருக்கு லாரிதான் வருகிறது. லாரி திரும்ப இடம் விட்டு, வழியில் கப்பி கொட்டி வைத்திருக்கிறார்.

கூரைத் தண்ணீரையும் பிடிக்கிறார். 2012ஆம் ஆண்டின் மழைநீர்ச் சட்டம் கலிஃபோர்னியாவில் இதை அனுமதிக்கிறது. மாமா உடனே கணக்குப் போட்டார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 4,000 லிட்டர். முதல் மழையின் தூசியும் ஆவியும் போக 3,200 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 29 நாள். "ஆண்டுக்கு ஒரு மாதத் தண்ணீரை வானம் தருகிறது. கேவலமாக நினைக்காதே" என்றார். துணி துவைத்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக வீட்டின் மேற்கே நிற்கும் மெஸ்கீட் மரத்தடிக்குப் போகிறது. இதற்கு இங்கே தனி அனுமதி வேண்டியதில்லை. அந்த மரம்தான் மாலை வெயிலை மறைக்கிறது.

பிறகு குளிர்ச்சி. இது என் திட்டத்தையே மாற்றிய பேச்சு. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரியைத் தாண்டும். மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று நான் ஏர் கூலர் வைக்க எண்ணியிருந்தேன். வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும். அம்மையாரிடமும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து பருவக்காற்று ஈரம் கொண்டுவரும் நாள்களில் அது ஊதுவது வெறும் புழுக்கம் என்றார். அதோடு அது குடிக்கும் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சிறு வீட்டிலிருந்து ஒரு பகலில் 16 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற 24 லிட்டர் வேண்டும். எங்கள் அன்றாடத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! அதே வேலையை நல்ல இன்வெர்ட்டர் ஏசி 5 யூனிட் மின்சாரத்தில் செய்துவிடும். கோடையில் 400 வாட் பேனல் மூன்று இருந்தால் போதும். வெயில் கொளுத்தும் நேரமும் ஏசி தேவைப்படும் நேரமும் ஒன்றே என்பதால் பேட்டரிக்கும் பெரிய சுமை இல்லை.

பேனல் பழுதானால் இன்னொன்று வாங்கலாம். வெயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. எது தண்ணீரைத் தின்னாமல் வெயிலைத் தின்கிறதோ அதை வாங்குவது என்று கணவரிடமும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

மின்சாரக் கணக்கு இதைவிட எளிது. குளிர்பதனப் பெட்டி, விளக்கு, விசிறி, நீரேற்றும் மோட்டார், கணினி எல்லாம் சேர்த்து நாளைக்கு 2 யூனிட். குளிர்காலத்திலும் 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடாகக் கிடைக்கும். 2 கிலோவாட் பேனல், இழப்புகள் போக 7 யூனிட்டுக்கு மேல் தரும். மேகமூட்டத்துக்கு இரண்டு நாள் தாங்கும் பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, கடும் வெப்பமும் அதன் ஆயுளைக் குறைக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே உறைநிலை வரும். ஆகவே வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி, வெப்பக்காப்பு வைத்த அறை அதற்கு. பேனல்களைக் கூரையில் பதிக்காமல் தரையில் சட்டம் போட்டு நிறுத்தினால் அடியில் காற்று ஓடும். பேனல் 65 டிகிரிக்குச் சூடேறினால் ஏழில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடுமாம். தூசி துடைக்கவும் தரைதான் வசதி. எழுபது வயதில் யார் கூரை ஏறுவது?

பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் அதிர்ந்தது. வடக்கே கடற்படைக் காலாட்படையின் பயிற்சித்தளம் இருக்கிறது, பீரங்கி ஒத்திகை. அம்மையார் பேச்சை நிறுத்தவே இல்லை. அமைதியைத் தேடி இங்கே வருகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

ஞாயிறு இரவு

வொண்டர் வேலியில் எங்கு பார்த்தாலும் சின்னஞ்சிறு வீடுகள், பாதிக்கு மேல் கதவும் ஜன்னலும் இல்லாமல். இவற்றுக்கு முயல் குடியிருப்புகள் என்று செல்லப்பெயர். 1938ஆம் ஆண்டின் சிறுநிலச் சட்டத்தின்படி அரசு 5 ஏக்கர் துண்டுகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. குறித்த காலத்துக்குள் ஒரு சிறு வீடு எழுப்பினால் நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஐம்பதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் உழைப்பாளிக் குடும்பங்கள் வார இறுதிகளில் பலகையும் ஆணியும் ஏற்றிக்கொண்டு வந்து கட்டினார்கள். 1976இல் சட்டமே ரத்தானது. தண்ணீர் வராத இடங்களில் வீடுகள் கைவிடப்பட்டன. பலவற்றைப் பிற்காலத்தில் இடித்தும் விட்டார்கள். தார்ச்சாலை எட்டிய வீடுகள் நின்றன, எட்டாதவை போயின என்று நேற்று அந்த அம்மையார் சொன்னது நினைவிருந்தது. அதனால் இன்று சாலையிலிருந்து அரை மைலுக்குள் உள்ளவற்றை மட்டும் பார்த்தோம்.

ஒன்று மனதைப் பிடித்துவிட்டது. தார்ச்சாலையிலிருந்து கெட்டியான மண்வழி. சுற்றிலும் ஓடைத் தடம் இல்லை. மாமா நாலு மூலையிலும் குந்திப் பார்த்தார். வீடு மெல்லிய மேட்டில் நிற்கிறது. 400 சதுர அடி இருக்கும், கான்கிரீட் தளத்தின் மேல் மரச்சட்டம், மேலே சிமெண்டுப் பூச்சு. உள்ளே எலிப்புழுக்கை. பூட்டிக் கிடந்த வீட்டில் அதைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. மான் எலியின் எச்சம் தூசியாகப் பறந்து மூச்சில் போனால் ஹான்டா வைரஸ் தொற்றும். 1993இல் தென்மேற்கு மாநிலங்களில் இளைஞர்கள் திடீர் திடீரென்று இறந்தபோதுதான் அந்த நோய் இங்கே அடையாளம் காணப்பட்டது. கதவு ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விட்டு, முகக்கவசம் போட்டு, தொடாமல் பார்த்துவிட்டு வந்தோம். சுத்தம் செய்யும்போது பிளீச் நீரில் நன்றாக நனைத்துத்தான் அள்ள வேண்டும்.

மாமாவின் கவனம் சுவரும் தளமும் சேரும் இடத்தில். 1992 ஜூன் 28 அதிகாலையில் லாண்டர்ஸ் நிலநடுக்கம், ரிக்டர் 7 தாண்டியது, இங்கிருந்து எட்டும் தூரத்தில்தான். சில இடங்களில் தரை பக்கவாட்டில் 6 மீட்டர் வரை நகர்ந்தது. அதற்குப் பிறகும் இந்த வீடு நிற்கிறது. ஆனால் அடிச்சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் மூன்று இடத்தில் துரு தின்று விரல் பட்டதும் உதிர்ந்தன. புதிதாகப் போட வேண்டும், சுவரின் உட்புறம் ஒட்டுப்பலகை அடித்து விறைப்பாக்க வேண்டும். செய்யக்கூடிய வேலைதான் என்றார்.

தெற்குப் பக்கம் ஒரு ஜன்னல். இங்கே அட்சரேகை 34. கோடை உச்சியில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 79 பாகையில் நிற்கும், குளிர்கால உச்சியில் 32இல். 60 சென்டிமீட்டர் இறவாணம் ஒன்று நீட்டினால், கோடையில் அதன் நிழல் சுவர் முழுவதும் இறங்கிவிடும். டிசம்பரில் 40 சென்டிமீட்டர்கூட இறங்காது, வெயில் கண்ணாடி வழியாக வீட்டுக்குள் வரும். காசு கொடுக்காமல் கிடைக்கும் குளிர்ச்சியும் சூடும். மேற்கே ஜன்னலே வேண்டாம். அந்தச் சுவர் முழுக்கப் பந்தல். பழைய கூரைக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை. வெயில் அதில் விழும், நடுவில் காற்று ஓடும், மழையும் அதிலிருந்தே தொட்டிக்குப் போகும்.

வேலைகளின் வரிசையை மாமாவும் நானும் விடுதி மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்தோம். முதலில் லாரி வர வழி, பிறகு தொட்டி, தொட்டிக்குப் பந்தல். அடுத்தது வீட்டின் போல்ட்டும் இரட்டைக் கூரையும். பேனலும் பேட்டரியும் அதற்குப் பிறகு. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த வரிசை இதற்கு நேர் எதிர்.

வாங்குவது உறுதியாகவில்லை. நாளை காலை கவுண்டி அலுவலகம் திறந்ததும் நிலத்தின் எண்ணைக் கொடுத்து இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன்: இந்தக் கட்டடம் இன்னும் வீடு என்ற பதிவில் இருக்கிறதா, பழுதுபார்க்க அனுமதி கேட்டால் புதுக் குடியிருப்பாகக் கருதுவார்களா. செப்டிக் தொட்டி புதைத்ததற்குப் பழைய அனுமதி ஏதாவது இருந்தால் அதன் நகலும் வேண்டும். எழுத்தில் பதில் வரும் வரை முன்பணம் கொடுப்பதில்லை என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதில் கைக்கு வந்ததும் அதையும் இங்கே எழுதுகிறேன். அதற்குள் இதே பகுதியில் நிலம் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள்.